பூட்டை அழிக்கும் முன்: எஸ்ஏபி ஆதரவுப் பணியிலுள்ள தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கில், எஸ்ஏபி என்னும் நிறுவன மேலாண்மை மென்பொருளில் சரக்கு வரவுப் பதிவுகளைக் கவனிப்பவன் நான். எங்கள் பிரிவின் சார்பில் உங்களோடு பேசும் கீ யூசர் என்பதால் உங்களுக்கு அடிக்கடி டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போடுபவனும்கூட. "இந்தப் பொருளின் மதிப்பீட்டுத் தரவு இன்னாரால் பூட்டப்பட்டுள்ளது" என்று திரையில் வந்தால், ஒருவர் மாற்றும் தரவை அதே நேரத்தில் இன்னொருவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எம்12 திரையைத் திறந்து அந்தப் பூட்டின் வரியை அழித்துவிட்டு, "இப்போது முயன்று பாருங்கள்" என்று எழுதி டிக்கெட்டை மூடும் வழக்கம் உங்களில் சிலரிடம் இருக்கிறது. அதைக் கைவிடுமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு மாதக் கடைசி நாள் மாலை. லாரி வாசலில் நிற்கிறது. ஓட்டுநர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். மிகோ என்னும் சரக்குப் பதிவுத் திரையில் வரவு வைக்கப் போனால் அதே செய்தி. பூட்டு எங்கள் பிரிவு அக்கா ஒருவரின் பெயரில் இருந்தது. அவரோ தம் பதிவைச் சேமித்து, ஆவண எண்ணையும் தாளில் குறித்துக்கொண்டு, எம்ஆர்டி ரயில் ஏறிப் போய் அரை மணி நேரமாகியிருந்தது. ஆதரவுக் குழுவில் ஒருவர் பூட்டை நீக்கினார். என் பதிவு ஏறியது, லாரியும் கிளம்பியது. மறுநாள் அக்கா குறித்துவைத்த எண்ணைத் தேடினால் அப்படியோர் ஆவணமே இல்லை. சேமித்த பதிவுகள் தரவுத்தளத்தில் எழுதப்படும் நிலையைக் காட்டும் எஸ்எம்13-ல் அது முடிவடையாத அப்டேட்டாக, அதாவது எழுதி முடியாத பதிவாகக் கிடந்தது. அதை இயக்கினால் என் பதிவுக்கு முந்தைய கணக்கை வைத்து இருப்பை எழுதிவிடுமோ என்ற அச்சத்தில் யாரும் தொடத் துணியவில்லை. கடைசியில் பெட்டிகளைக் கையால் எண்ணித்தான் கணக்கை நேர்செய்தோம்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. இந்தப் பூட்டு தரவுத்தளத்தில் இருப்பதன்று. பூட்டுகளைக் கவனிக்கும் என்க்யூ சர்வரின் நினைவகத்தில் இருக்கும் ஒரு குறிப்பு மட்டுமே. பயனர் சேமித்ததும் அது, பதிவைத் தரவுத்தளத்தில் எழுதும் அப்டேட் பணியின் கைக்கு மாறுகிறது, எஸ்எம்12-ல் நீல நிறத்தில் தெரிகிறது. நீல வரி என்றால் ஆள் வீட்டுக்குப் போயிருக்கலாம், வேலை முடியவில்லை என்று பொருள். அன்று அந்த வரியின் நிறத்தை யாராவது பார்த்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இணைப்பு அறுந்து, திரை போய், தன் பெயரிலேயே பூட்டு நிற்கும் கதை வேறு. எங்களிடம் மிகுதியாக நடப்பதும் அதுதான். அங்கேயும், உள்நுழைந்திருக்கும் பயனர்களைக் காட்டும் எஸ்எம்04 அல்லது ஏஎல்08-ல் அந்தப் பழைய அமர்வு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, பயனரைக் கேட்டுக்கொண்டு அமர்வை முடித்தால் போதும், பூட்டு தானாக விலகும். பூட்டு விவரத்தில் சாவியின் (எந்தப் பதிவு பூட்டப்பட்டது என்று காட்டும் குறியீட்டின்) ஒரு பகுதிக்குப் பதிலாக '@' குறி தெரிந்தால், ஏதோ ஒரு நிரல் ஒரு பொருளுக்குப் பதில் ஒரு கூட்டத்தையே பூட்டியிருக்கிறது. அது நிரல் எழுதியவரிடம் போக வேண்டிய புகார், எங்களைக் காத்திருக்கச் சொல்வதால் தீராது. ஒரே பொருளுக்குப் பலர் ஒரே நேரத்தில் வரவு வைக்கும் எங்களைப் போன்ற கிடங்குகளுக்கு, ஓஎம்ஜேஐ என்னும் அமைப்புத் திரையில் தாமதப் பூட்டு முறையை (தொடக்கத்திலேயே அல்லாமல், சேமிக்கும்போது மட்டுமே முழுதாகப் பூட்டும் முறையை) வைக்க முடியுமா என்றும் பாருங்கள்.

இனி ஒரு பூட்டை நீக்குமுன் அதன் பயனர், நேரம், அட்டவணை, பூட்டு விவரம் ஆகியவற்றை டிக்கெட்டில் குறியுங்கள். எஸ்எம்13-ஐ ஒரு முறை பாருங்கள். பூட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத் தொலைபேசியில் அழையுங்கள். இதற்கு இருபது நிமிடம் ஆகுமென்றால் ஆகட்டும். லாரி ஓட்டுநரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துவாஸ் கிடங்கு ஊழியர் ஒருவர்