இரண்டாம் சனிக்கிழமைக்கு முன்பாக

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அப்பா எழுதுவது.

உங்கள் பெங்களூரு தமிழ்ச் சபையின் வாலிபர் ஐக்கியத்தார் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலையில் நடத்தவிருக்கும் விளையாட்டுக் கூடுகையைக் குருவானவர் உன் பொறுப்பில் விட்டிருப்பதாகவும், அதற்கு நல்ல விளையாட்டாக நாலு எழுதி அனுப்ப வேண்டும் என்று நீ கேட்டதாகவும் அம்மா சொன்னாள். முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவனுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன் என்பதால், அதை முதலில் எழுதுகிறேன்.

ஒரே குருவானவரின் கீழுள்ள சபைகள் சேர்ந்த நம் சேகரத்தில் நான் வாலிபர் ஐக்கியச் செயலராக இருந்த நாளில் மியூசிக்கல் சேர் இல்லாத கூடுகையே கிடையாது. பாட்டு நின்றதும் நாற்காலி கிடைக்காதவர் வெளியேற வேண்டும். கடைசியில் இரண்டு பேர் சுற்றிவர, இருபத்தைந்து பேர் சுவரோரம் உட்கார்ந்து கைதட்டுவார்கள். சற்றுத் தாங்கி நடக்கும் பையன் ஒருவன் எப்போதும் முதல் சுற்றிலேயே வெளியேறினான். பிறகு வருவதை நிறுத்திவிட்டான். அவன் வரவில்லை என்பதையே நான் கவனிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து சபையார் கூடி உண்ணும் அசனப் பந்தியில் அவனுடைய தாயாரைக் கண்டு, "தம்பியை அனுப்புங்கள் அம்மா" என்றேன். "எதற்கு சார், உட்கார்ந்து பார்ப்பதற்கா?" என்று கேட்டார்கள். சாப்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பின் ஆளை வெளியேற்றுகிற விளையாட்டு எதையும் நான் வைக்கவில்லை. அதே மியூசிக்கல் சேரை வேறு விதமாக நடத்தலாம். நாற்காலிக்குப் பதிலாகப் பழைய செய்தித்தாள்களை விரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தாளை எடுத்துவிடு, ஆளை எடுக்காதே. மிஞ்சிய தாள்களின்மேல் எல்லாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வை; இல்லாவிட்டால் சேகரக் கமிட்டிக்குப் பதில் சொல்லி மாளாது.

அதிகாரமும் வசன எண்ணும் சொன்னதும் வேதாகமத்தில் தேடி எடுத்து, எழுந்து வாசிக்கும் வசனம் தேடும் போட்டியிலும் இதே குறை உண்டு. ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கிய மூன்று பேரே எப்போதும் முதலில் எழுந்து நிற்பார்கள். ஆகவே ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒருமுறை எழுந்து வாசித்தவர் தம் குழுவின் மற்ற நால்வரும் வாசித்து முடிக்கும்வரை மறுபடி எழக்கூடாது என்று விதி வைத்துவிடு. தெரிந்தவன் தெரியாதவனுக்குத் தானாகவே சொல்லிக்கொடுப்பான். கையில் அச்சிட்ட வேதாகமம் இருக்கட்டும். செல்போனிலேயே வசனம் பார்த்துப் பழகிய பிள்ளைகள், ஆமோசுக்கும் யோனாவுக்கும் நடுவே ஒரே அதிகாரமாக ஒளிந்திருக்கும் ஒபதியாவைத் தேடி அலைவது தனி வேடிக்கை.

சென்னை நந்தனத்தில், கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்விக் கல்லூரியில் நான் படித்தபோது கேட்ட ஒரு சங்கதி உனக்குப் பயன்படும். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் அடைபட்டு யாருக்கும் அடங்காமல் இருந்த 18 மாணவர்களை ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் இறையியலும் படித்தவர். அவர்களை அதட்டாமல், பீச் பழக்கூடைகள் இரண்டை மாட்டி, 13 விதிகளை எழுதிக் கூடைப்பந்தை உண்டாக்கினார். பந்தோடு ஓடக்கூடாது என்றும், கூடை தலைக்கு மேலே இருக்க வேண்டும் என்றும் அவர் வைத்ததற்குக் காரணம், முரட்டுப் பலத்தால் மோதி ஜெயிக்க வழி இருக்கக்கூடாது என்பதே. "ஆலய வளாகத்தில் இதென்ன ஆட்டம்" என்று மூப்பர் யாராவது கேட்டால் இதைச் சொல். எருசலேமின் வீதிகளில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் நிறைந்து விளையாடுகிற காட்சி சகரியா எட்டாம் அதிகாரத்தில் இருப்பதையும் வாசித்துக் காட்டு.

ஆறு மணிக்கு என்று அறிவித்தால் ஆறரைக்குத்தான் வருவார்கள். எனவே முதல் விளையாட்டு, இடையில் வருகிறவரும் சேர்ந்துகொள்ளக்கூடியதாக இருக்கட்டும். தேவசெய்தி பத்து நிமிடம் போதும். அதை விளையாட்டுக்குள் ஒளித்துவைத்துக் கொடுக்காதே, பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு காரியத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். வருகிறவர்களில் பலர் பதினெட்டு நிரம்பாதவர்கள். பெரியவர் இருவராவது இல்லாமல் எந்தப் பிள்ளையையும் தனி அறையில் வைக்கக்கூடாது. வீட்டார் வந்து அழைத்துப்போகும்வரை நீ கதவைப் பூட்டக்கூடாது. ஏதாவது ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த தகாத காரியத்தை உன்னிடம் சொன்னால், சபையின் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும் மறைக்காதே. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது அறிந்தவரின் கடமை. பிள்ளைகள் உதவிக்கு அழைக்கும் 1098 என்ற தொலைபேசி எண்ணை அவர்களுக்குத் தெரியும்படி சுவரில் எழுதி ஒட்டு.

என்னுடைய பழைய விசிலை, அடுத்த வாரம் அங்கே வருகிற உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். சிற்றுண்டியைக் கடைசிக்கு வைக்காமல் முதலிலேயே கொடுத்துவிடு. பிள்ளைகள் டியூஷனிலிருந்து பசியோடு வருவார்கள். முப்பது பேருக்கு ஒன்றரைக் கிலோ கொண்டைக்கடலை போதும் என்றும், வெள்ளிக்கிழமை இரவே மறக்காமல் ஊறப்போட வேண்டும் என்றும் அம்மா எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா