மூக்கன்கள் கிளம்பிவிட்டன

அன்பு மகளுக்கு,

நீ விட்டுப்போன பைனாகுலரை இப்போது நான்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறேன். சக்கரத்தைத் திருகினால் நீ சேர்த்து வைத்த மணல் நறநறக்கிறது.

ஓதம் பார்த்துப் போங்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். மறந்துவிட்டேன். முதல் இரண்டு நாளும் கழிமுகத்தில் நீர் வற்றிக் கிடந்தது. பறவையெல்லாம் தொலைவுச் சேற்றில் வெறும் புள்ளி. மூன்றாம் நாள் ஓதம் ஏறும்போது போனேன். தண்ணீர் சேற்றை விழுங்க விழுங்க, அவை தாமே என்னை நோக்கி வந்தன.

பட்டைவால் மூக்கன் பறவைகள் அறுபதுக்குக் குறையாது. குளிர்காலமெல்லாம் சாம்பலாக நின்ற ஆண்களுக்குக் கழுத்திலிருந்து அடிவயிறு வரை செங்கல் நிறம் ஏறியிருந்தது. சிலவற்றுக்குப் பாதிதான், ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி. ஒரு பெண், அலகைக் கண் வரை சேற்றில் இறக்கி, தலையை லேசாகத் திருகிப் புழுவைப் பிடித்தது. சட்டென்று இழுக்கவில்லை. கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து, அறுபடாமல் வெளியே எடுத்து, நீரில் அலசி விழுங்கியது. எல்லாமே கொழுத்து, வாத்துபோல் பின்புறம் தொங்க நடந்தன. வழிச்செலவுக்கு அந்தக் கொழுப்புதானே.

2022-இல் இந்த இனத்தின் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் கடந்ததை உன் அம்மாவிடம் சொன்னேன். "அதைப் பெற்றவள் எங்கே போனாள்?" என்றாள். பெரியவை பெரும்பாலும் முன்பே கிளம்பிவிடும் என்று சொல்லாமல் விட்டேன்.

வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்ததும் ஒரே சத்தம். கூட்டம் எழுந்து, இரண்டு வட்டமடித்து, வரிசை கட்டி வடக்கே உயர்ந்தது. நான்கு பறவைகள் பாதியில் திரும்பி வந்து இறங்கின. அவற்றுக்கு என்ன தோன்றியதோ.

மறுநாள் காலை பதினொரு பறவைகள் மிச்சம். ஏழு சாம்பல், இளசுகளாக இருக்கும். குஞ்சு பொரிக்கும் வயது வரும்வரை வடக்கே போகாமல் தங்கிவிடுபவை உண்டல்லவா? மற்ற நான்கும் செங்கல் நிறம். அவைதான் திரும்பியவை என்று என் கணக்கு.

கல்திருப்பிப் பறவைகள் இன்னும் புறப்படவில்லை. ஞாயிறன்று மறுபடி போகிறேன். அதற்குள் அந்தச் சக்கரத்தைக் கழற்றாமல் மணலை எப்படி எடுப்பது என்று எழுது.

அப்பா