எங்களிடம் பத்து நிமிடம் பேசுங்கள்: குழந்தைகள் புற்றுநோய் வார்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வார்டில் மகனுக்கு வைத்தியம் பார்த்துவரும் தாய் நான். டாக்டர்கள் மீது குறையில்லை. கீமோ செலவைக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. அதற்கு நன்றி.

போன வாரம் ரவுண்ட்ஸில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். மருந்துத் தவணை தவறிக் குழந்தையோடு திரும்பி வந்த எதிர்க்கட்டில் தங்கச்சி, "பெற்ற பிள்ளை மேல் அக்கறை இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாள். பதில் பேசவில்லை.

ரத்தப் புற்றுக்கு முதல் மாத மருந்து முடிந்ததும் பிள்ளை தெளிந்து ஓடியாடத் தொடங்கிவிடும். அப்புறமும் இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து உண்டென்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஊரில் ஒரு கைக்குழந்தை மாமியாரிடம் இருக்கிறது. தொற்று பயத்தால் அதை வார்டுக்குள் விடமாட்டீர்கள், நியாயம்தான். பால் கட்டிக் காய்ச்சல் வரும். குளியலறையில் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மகளுக்குக் கஞ்சி ஊட்டுவாள். புருஷனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, வராத நாளுக்குக் கூலி கிடையாது. மாமியாரும் படுத்துவிட்டதாகப் போன் வந்த அன்றுதான் ஊருக்குக் கிளம்பினாள். இதில் ஒரு வரிகூட கேஸ் ஷீட்டில் இல்லை. யாரும் கேட்கவில்லையே!

நாங்கள் கேட்பது ஒன்றுதான். குழந்தை சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒருவர் பெற்றோரோடு உட்கார்ந்து, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், வருமானம் நின்றுவிட்டதா, அம்மா தூங்குகிறாளா என்று கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். சில மாதம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கென்றே பெற்றோர் பத்து நிமிடத்தில் நிரப்பும் வினாத்தாள் இருக்கிறது. 2015இல் அங்கே வெளியான குழந்தைப் புற்றுநோய் உளசமூகப் பராமரிப்பு (மனசையும் குடும்பச் சூழலையும் கவனிப்பது) நெறிகள் பதினைந்தில் முதலாவதே குடும்பத்தின் தேவையை முறையாகக் கேட்டறிவதுதான்.

நம்மிடம் படிவமே இல்லை என்று சொல்லமாட்டேன். கழிவறை சுத்தமா, மின்விசிறி சுற்றுகிறதா என்று மார்க் போடச் சொல்லி ஒன்று தருகிறீர்கள். மின்விசிறிக்கு இருக்கும் மதிப்பு அதன் கீழே உட்கார்ந்திருப்பவளுக்கு இல்லை. 2030க்குள் புற்றுநோய் வந்த குழந்தைகளில் குறைந்தது 60 சதவீதம் பேரையாவது பிழைக்க வைப்பதென்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. பாதியில் நின்றுபோகும் வைத்தியத்தை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை எப்படி நேராக்குவீர்கள்? திட்டினால் நேராகுமா?

சரி, கோபத்தை நிறுத்திக்கொள்கிறேன். ஆள் இல்லை என்பீர்கள். சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்குக் களப்பணி கட்டாயம், அவர்களைக் கூப்பிடலாம். கேள்வி கேட்பவர் கையில் எங்களுக்குக் கொடுப்பதற்கும் ஏதாவது இருக்கட்டும்: வார்டுக்கு வெளியே, கைக்குழந்தையோடு வரும் துணையாள் தங்க ஓர் அறை. அடுத்துச் சேரும் குழந்தையின் குடும்பத்திலிருந்தே கேட்கத் தொடங்குமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வார்டில் இருக்கும் ஒரு தாய்