காரைக்குடியிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் கல்லூரி மாணவர்கள் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் பழகிய இந்தச் சில வாரங்களில், முகம் தெரிந்தும் தெரியாமலும் துணைநின்ற உங்கள் அனைவருக்கும் பயிற்சியை நடத்தியவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு பயனர் கணக்குகளுக்கு மேல் தொடங்க இயலாது என்பதை நான் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். ஏழாவது மாணவரின் திரையில் மறுப்புச் செய்தி வந்த பின்னரே அறிந்தேன். தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் உதவி கேட்டு எழுதியதும், எஞ்சியோருக்குத் தாமே கணக்குகளை உருவாக்கித் தந்த நிருவாகிக்கு முதல் நன்றி.

ஆத்தங்குடித் தளக்கல்லின் செய்முறையை எழுத முன்வந்த மாணவி, இணையத்தில் கிடைத்த இரண்டு பத்திகளை அப்படியே தம் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகும் வரைவுப் பக்கத்தில், ஒட்டிவிட்டார். பதிப்புரிமை மீறல் என்று ஆயத்த அறிவிப்பான ஒரு வார்ப்புருவை இட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம்; ஆனால் அதைக் கண்டு நீக்கிய மூத்த பயனர், அம்மாணவியின் பேச்சுப் பக்கத்துக்கு வந்து, செய்தி எல்லோருக்கும் பொது, அதைச் சொன்ன வாக்கியம் எழுதியவருக்கு உரியது என்று விளக்கி, படித்ததை மூடி வைத்துவிட்டு மனத்தில் நின்றதை எழுதிப் பாருங்கள் என்றார். கண்டிப்பும் கனிவும் ஒன்றாக அமைந்த அந்த ஆறு வரிகளை நான் அச்சிட்டு வகுப்பில் ஒட்டியிருக்கிறேன்.

அதன்பின் அம்மாணவி ஆத்தங்குடிப் பட்டறைக்கே சென்றார். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் இடுவதையும், சூளையே இல்லாமல் தண்ணீரில் ஊறவைத்துக் கல்லை இறுகச் செய்வதையும் பட்டறைக்காரர் வேலையை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். எனினும் நேரில் கண்டது மட்டும் கட்டுரைக்குச் சான்றாகாது. மாணவி எடுத்த படங்கள், எவரும் பயன்படுத்தத்தக்க கட்டற்ற உரிமத்தில், விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்துக்குச் சென்றன. எழுத்துக்கு வேண்டிய அச்சுச் சான்றை நூலகர் ஐயா ஒரு மாலை முழுதும் தேடிப் பக்க எண்ணோடு எடுத்துக் கொடுத்தார்.

அன்றே அவர் பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தையும் மேசைமேல் பரப்பி, புகழ்ச்சொல் இல்லாமல் ஒரு பொருளை எப்படிச் சொல்வது என்று காட்டினார். எங்கள் வட்டாரத்தில் வீடுகளைப் பற்றி எழுதும்போது ‘உலகப் புகழ்பெற்ற’ என்று தொடங்காமல் இருப்பது எளிதன்று. மாணவர்கள் தாமே அச்சொற்களை அடித்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

தம் வீட்டைத் திறந்துவிட்டு, ‘முற்றம்’ என்று பிள்ளைகள் எழுதியிருந்த இடத்தில் ‘வளவு என்று போடுங்கள்’ எனத் திருத்திய ஆச்சிக்கும், கணினி அறையை மாலையில் திறந்து வைத்த பணியாளர்களுக்கும் நன்றி.

கண்டாங்கிச் சேலை, இளையாற்றங்குடிக் கோயில் ஆகிய இரு வரைவுகள் இன்னும் மணல்தொட்டியில் உள்ளன. பிழை கண்டால் நீங்களே திருத்திவிடாமல் பேச்சுப் பக்கத்தில் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன். புதன்கிழமை மாலைகளில் மாணவர்கள் பார்த்துத் திருத்துவார்கள்.

நன்றியுடன்,
பயிற்சி ஒருங்கிணைப்பாளர்,
காரைக்குடி