அவன் நடிக்கவில்லை, சாந்தி

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். இவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார், அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். உன் மகன் பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்று நீ எழுதியதுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

காலையில் வயிற்றுவலி, பள்ளி நேரம் தாண்டினால் விளையாட்டு. அதனால் நடிக்கிறான் என்கிறார்கள், இல்லையா? ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடு. ஆனால் பயத்தில் வரும் வயிற்றுவலியும் நிஜமான வலிதான். பயந்த உடம்பு தப்பி ஓடத் தயாராகும்போது செரிமானம் தடுமாறும், வயிறு பிசையும். இன்று பள்ளி இல்லை என்றானதும் பயம் தணிகிறது, வலியும் போய்விடுகிறது.

சிக்கலே அந்த நிம்மதியில்தான். வீட்டில் இருந்துவிட்டால் தப்பிக்கலாம் என்று மனம் பழகிக்கொள்கிறது. ஒவ்வொரு நாள் விடுப்பும் மறுநாளை இன்னும் கடினமாக்குகிறது. அதனால் இதைத் தள்ளிப்போடாதே.

நீ செல்லம் கொடுத்துக் கெடுத்தாய் என்று சொல்கிறார்களே, அதைப் படித்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பழி புதிதல்ல. 1941-இல் அமெரிக்க மனநல மருத்துவர் அடிலெய்ட் ஜான்சனின் குழுவினர், பிள்ளைகள் பள்ளிக்குப் போக மறுப்பதைப் ‘பள்ளி அச்சம்’ என்று எழுதியபோது, தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பிரிய முடியாமல் தவிப்பதையே முக்கியக் காரணமாகப் பார்த்தார்கள். சின்னக் குழந்தைகள் சிலருக்கு அது பொருந்தும். பின்னால் வந்த கிறிஸ்டோபர் கியர்னி போன்ற உளவியலாளர்கள், பிள்ளை பள்ளியில் எதைத் தவிர்க்கிறது, வீட்டில் இருந்தால் எதைப் பெறுகிறது என்று பார்த்தார்கள். அதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

உன் மகன் இப்போதுதான் பெரிய பள்ளிக்கு மாறியிருக்கிறான். தொடக்கப்பள்ளி முடித்து மாறும் வயதில் நிறைய பேர் இப்படித் தடுமாறுகிறார்கள். எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்வது, இரைச்சல், கழிப்பறையில் யாரோ மிரட்டுவது, இடைவேளையில் தனியாக நிற்பது, எதுவாகவும் இருக்கலாம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிறானா என்றும் கவனி. “ஏன் போகமாட்டேன் என்கிறாய்?” என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. பள்ளி வாசலில் தொடங்கி கடைசி மணி அடிக்கும் வரை ஒவ்வொரு வேளையாக, காலை அவசரத்தில் இல்லாமல், மாலையில் பேச்சோடு பேச்சாகக் கேள். எந்த இடத்தில் முகம் மாறுகிறது என்று பார்.

அது தெரிந்ததும் வகுப்பாசிரியரிடம் பேசு. அவன் நம்பும் ஒருவர் வாசலில் வந்து அழைத்துப் போகட்டும். முதலில் ஒரு பாடவேளை, பிறகு அரை நாள் என்று கூட்டலாம். மிரட்டல் இருந்தால் அதை முதலில் நிறுத்தச் சொல். அது தீராமல் அவனைப் பழகிக்கொள்ளச் சொல்வது கொடுமை. இவ்வளவு செய்தும் நகரவில்லை என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதே.

அவன் என்ன சொன்னான் என்று எழுது. இரவில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
கமலா