காது உடைச்ச கேசட்

கண்ணு,

நல்லா இருக்கியா. நாங்க நல்லா இருக்கோம். உங்கம்மாவுக்கு முட்டி வலி அப்படியே தான் இருக்கு, டாக்டர்கிட்ட போலாம்னா வர மாட்டேங்கறா. போன்ல பேசினா நீ ம்ம் சாப்பிட்டேன் ம்ம் தூங்கறேன்னு வச்சிடற, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி. ராத்திரி சாப்பிடாம படுக்காத.

போன தைக்கு வந்தப்ப நீ அலமாரில வச்சுட்டு போன பாட்டு பெட்டி, அந்த கனடா பாட்டுகாரம்மா ஜோனி மிட்செலோடது, அஞ்சு சிடியும் இப்ப தான் முழுசா கேட்டு முடிச்சேன். மறந்து வச்சியா இல்ல அப்பா கேக்கட்டும்னு வச்சியா தெரியல. தினம் ராத்திரி கடைய சாத்திட்டு ஒரு மணி நேரம் கேட்டேன். கூட இருந்த புக்க போன்ல போட்டோ புடிச்சு தமிழ்ல மாத்தி கொஞ்சம் கொஞ்சமா படிச்சேன். அந்தம்மாவோட முதல் ரெக்கார்டு வந்தது 1968ல, அதுக்கு முன்னாடி 63ல இருந்து 67 வரைக்கும் ரேடியோ ஸ்டேஷன்ல, காபி ஹவுஸ்ல, வீட்ல எல்லாம் பாடி பதிஞ்சதை தேடி சேர்த்து 2020ல போட்டிருக்காங்க. முதல் டேப்ல 19 வயசு. அதுல பாடறது ஒன்னு கூட சொந்த பாட்டு இல்ல, ஊர்ல எல்லாரும் பாடற பழைய பாட்டு தான். அப்புறம் ஒவ்வொரு சிடியா போக போக சொந்த பாட்டு வந்துகிட்டே இருக்கு.

25 வருஷம் ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தவன் சொல்றேன், வேலை சுத்தமா பண்ணியிருக்காங்க. பின்னாடி ஸ்ஸ்னு இரைச்சல் வருது, அதை முழுசா வழிச்சு எடுக்காம விட்டிருக்காங்க. எடுத்தா குரலோட மூச்சும் சேந்து போயிடும், நம்ம டெக்ல இரைச்சல் குறைக்கற டால்பி பட்டன் போட்டா பாட்டு மந்தமாயிடும்னு நீ கத்துவியே அது மாதிரி. சின்ன வயசுல போலியோ வந்து இடது கை பலம் கம்மியாம், மத்தவங்க மாதிரி கித்தார் கம்பிய சேத்து அழுத்தி கார்டு புடிக்க வராதுன்னு கம்பிய வேற வேற சுதிக்கு இறக்கி வச்சு தனக்குன்னு ஒரு வழி பண்ணிகிச்சாம். நீ கித்தார் சாவிய திருகிகிட்டே இருந்தது எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப தான் புரியுது, நான் கம்பி அறுந்துடும்னு திட்டுவேன். அந்தம்மாவே ரொம்ப வருஷம் இந்த பழைய பாட்டை எல்லாம் வேணாம்னு தான் ஒதுக்கி வச்சிருந்துச்சு, நான் நாட்டுப்புற பாட்டுகாரி இல்லன்னு சொல்லிகிட்டு. அப்புறம் இதுக்காக திரும்ப கேட்டுட்டு என் ஆரம்பத்தை என்னால மன்னிக்க முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கு.

நான் சொல்ல வந்தது அது இல்ல. அதுல 1965ல டெட்ராய்ட்ல இருந்து அவங்கம்மா பொறந்த நாளுக்கு பதிஞ்சு அனுப்பின டேப் ஒன்னு இருக்கு பாரு. அதை கேட்டப்ப நல்ல பொண்ணு, அம்மாவ மறக்கலன்னு தான் நினைச்சேன். அப்புறம் தான் மீதி கதைய படிச்சேன். அதே 65 பிப்ரவரில தான் அந்தம்மாவுக்கு பொம்பள குழந்தை பொறந்திருக்கு, கையில காசு இல்ல, கூட நிக்க ஆள் இல்ல, குழந்தைய தத்து குடுத்துட்டாங்க. அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லல. அம்மாவுக்கு பாட்டு அனுப்ப முடிஞ்சுது, நடந்ததை சொல்ல முடியல. அந்த குழந்தைக்குன்னு எழுதின பாட்டு கூட இந்த பெட்டில இருக்கு, மறுபடி மகளை பாத்தது 1997ல. 32 வருஷம். அவங்கம்மா அந்த டேப்ப போட்டு கேட்டு சந்தோஷமா அக்கம்பக்கம் எல்லாம் சொல்லியிருப்பாங்க, என் பொண்ணு எனக்காக பாடி அனுப்பியிருக்கான்னு. அதை நினைச்சு எனக்கு ரெண்டு நாளா தூக்கம் வரல.

நான் உன்ன ஒன்னும் கேக்கல கண்ணு. வீடியோ கால்ல கேமராவ ஆஃப் பண்ணிட்டு பேசற, நெட் சரியில்லங்கற, சரி. மாப்ள நம்பருக்கு போட்டா ரிங் போய்கிட்டே இருக்கு, வேலையா இருப்பாருன்னு விட்டுட்டேன். ஆடி பதினெட்டுக்கு ஒகேனக்கல் போறப்ப உனக்கும் சேத்து சீட்டு புடிச்சு வச்சிருந்தோம், பெங்களூர்ல பஸ் ஏறினா மூணு மணி நேரத்துல நாலு ரோட்டுல இறங்கலாம், கனடா ஒன்னும் இல்லையே. சின்னம்மா கேட்டா, ஆபிஸ்ல லீவு இல்லன்னு சொன்னேன். அவங்க வீட்டு பொண்ணு விஷயத்துல நான் என்னென்ன பேசினேன்னு உனக்கு தெரியும், நீயும் அங்க தான் உக்காந்திருந்த. அதை மனசுல வச்சுகிட்டு அப்பாகிட்ட எதையும் சொல்ல முடியாதுன்னு இருந்தீனா, அன்னிக்கு பேசினது தப்பு. அதை அவங்ககிட்டயும் போய் சொல்லிட்டேன், போன வாரம்.

இன்னொன்னும் இருக்கு. உன் கேசட் டெக்ல சிக்கி அறுந்து போச்சுன்னு சொன்னேன் இல்ல, 2001ல, நீ எட்டாவது படிக்கறப்ப. சிக்கல. நீ ஏழு பாட்டு எழுதி கடையிலயே உக்காந்து பாடி பதிஞ்சு வச்சிருந்த, மேல பச்சை ஸ்கெட்ச்ல பேர் எழுதி, யாரும் அழிச்சிடக்கூடாதுன்னு கேசட் மேல இருக்கற ரெண்டு பிளாஸ்டிக் காதையும் உடைச்சு வச்சிருந்த. நான் தான் உனக்கு சொல்லி குடுத்தேன், காது உடைச்சா ரெக்கார்டு பட்டன் இறங்காதுன்னு. அரை பரிட்சைல கணக்குல 31 வந்துச்சு, அன்னிக்கு கோயில் மைக் செட்டுக்கு ஒருத்தர் அம்மன் பாட்டு கேட்டு நின்னாரு, கடையில காலி கேசட் ஒரு பெட்டியே இருந்துச்சு. நான் உன்னுதை எடுத்து அந்த ஓட்டை மேல செல்லோடேப் ஒட்டி, ரெண்டு பக்கமும் பதிஞ்சு குடுத்துட்டேன். கோவம். பாட்டு பாட்டுன்னு படிப்பு போயிடும்னு பயம். மறுநாளே அவர்கிட்ட திருப்பி வாங்கலாம்னு போனேன், வாங்கி என்ன பண்றது, இரேஸ் ஹெட்டுல ஒரு தடவ ஓடினா முடிஞ்சுது. நீ அழுவல. கித்தார எடுத்து பரண் மேல வச்சுட்ட, அத நான் பாத்துகிட்டு தான் இருந்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் பாட்டு பதிஞ்சு குடுத்தவன் நான், எம் பொண்ணு குரல் எங்கிட்ட ஒரு நிமிஷம் கூட இல்ல.

உங்கம்மாவுக்கும் இது தெரியாது. நேத்து தான் சொன்னேன். அவ எழுந்து உள்ள போயிட்டா, இன்னும் பேசல.

நீ எப்படி வந்தாலும் வா கண்ணு. பெட்டியோட வந்தாலும் சரி, தனியா வந்தாலும் சரி, ஏன்னு கேக்க மாட்டேன், யாரையும் கேக்க விடவும் மாட்டேன். ராத்திரி சாப்பிடாம மட்டும் படுக்காத. கேவுரு மாவு அரைச்சு வச்சிருக்கு.

டெக்குக்கு பெல்ட் மாத்தி ஹெட்ட தொடச்சு வச்சிருக்கேன், ஓடுது. ஏழு பாட்டுல எனக்கு ஒன்னு தான் ஞாபகம் இருக்கு, அதுவும் முதல் வரி மட்டும், தொப்பூர் ஏத்தத்துல லாரி எல்லாம் மூச்சு வாங்குதுன்னு. அடுத்த வரி ரெண்டு வாரமா யோசிக்கறேன், வர மாட்டேங்குது. உனக்கு ஞாபகம் இருந்தா அனுப்பு. உங்கம்மா நம்பருக்கு வேணாம், எனக்கே போடு, பத்து மணிக்கு மேல கடையில தனியா தான் இருப்பேன்.

அப்பா