சீனக்குடாத் தாங்கிகளும் உன் வீட்டுக் கூரையும்

திருக்கோணமலை
ஞாயிறு மாலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் கேட்டிருக்கிறாய்: ஊருக்கு வந்து இருக்கப்போகிற வீட்டுக்கு சோலர் போடுவதா, ஜெனரேட்டர் வாங்குவதா என்று. முழங்காலுக்கு என்னிடம் மருந்தில்லை. மற்றதற்குச் சொல்கிறேன்.

சின்ன வயதில் சைக்கிளில் போய் எட்டிப் பார்த்த சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரன் கட்டி விட்டுப்போன 99 தாங்கிகள். 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது, அந்தத் தாங்கிகள் இருக்கும் இதே ஊரில் நம் கடற்கரைப் பொடியன்கள் ஒரு கலன் மண்ணெண்ணெய்க்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள். அந்த ஆவணியில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. பலர் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டார்கள். தாங்கி நம்முடையதென்றாலும் எண்ணெய் ஊரான் வீட்டுச் சரக்கு, மச்சான். ஜெனரேட்டர் வாங்கினால் நீயும் அந்த வரிசையில்தான் நிற்பாய்.

நிலக்கரி எந்நேரமும் எரியும், வெயிலும் காற்றும்தான் நம்பமுடியாதவை என்கிறார்கள். அது முழு உண்மையில்லை. நுரைச்சோலை அனல் நிலையத்தின் 900 மெகாவாட்டுக்கும் கரி கப்பலில் வரவேண்டும். தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தக் கடலில் கரி இறக்க முடியாது. அதற்கு முன்பே குவித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆக அதுவும் காற்றைப் பார்த்துத்தான் நடக்கிறது. ஒரு வித்தியாசம், கரியைக் குவித்து வைக்கலாம். வெயிலைக் குவிக்கப் பற்றரி வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். கூரையில் சோலர் போட்ட புளுகத்தில் இருந்தேன். 2025 மாசி 9, ஞாயிறு, முற்பகல் பதினொன்றரை போல நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாம். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், தலைக்கு மேல் என் பனல்கள், கீழே விசிறி சுழலவில்லை! லைன் செத்தால், பனல் தருவதை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற சாதாரண இன்வேட்டரும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் நம் கரண்ட் லைனுக்குள் போய், திருத்த வந்தவரை அடித்துவிடும். விற்றவன் இதை வாயே திறக்கவில்லை. பிறகு சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில், பாவனை குறைவு, கூரை சோலரைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. பகலில் மிஞ்சுகிறது, பின்னேரம் ஆறரைக்கு எல்லோரும் லைட்டைப் போடும்போது சூரியன் போய்விடுகிறது.

சம்பூர்ச் செய்தியும் கேட்டிருந்தாய். அங்கே கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி அனல் நிலையம் 2016 இல் கைவிடப்பட்டது உனக்குத் தெரியும். இப்போது அங்கே 120 மெகாவாட் சோலர் திட்டம். 2025 சித்திரையில் மோடி கொழும்பில் இருந்தபடியே கட்டுமான வேலையைத் தொடக்கி வைத்தார். புகையும் சாம்பலும் இல்லை என்பதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் நம் மாவட்டத்து முத்துநகரில் சோலருக்கென்று வயற்காணியை எடுக்கிறார்கள் என்று விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். வெயில் இலவசம், காணி இலவசமில்லை. அதனால்தான் கூரை நல்லதென்கிறேன்.

சரி, உனக்கு: ஜெனரேட்டர் வேண்டாம். சோலர் போடு, ஆனால் பற்றரியோடு, லைன் போனாலும் ஓடுகிற ஹைபிரிட் இன்வேட்டராகப் பார்த்து. காசு கூடும். கார்த்திகை, மார்கழி மழையில் பனல் சோம்பல்படும், அப்போது பில் வந்தால் என்னைத் திட்டாதே.

நேற்று உன் வீட்டுக்குப் போய்க் கூரையைப் பார்த்தேன். ஓடு திடமாக இருக்கிறது. மேற்குப் பக்கத்து மாமரம்தான் மூன்று மணிக்கே நிழல் போட்டுவிடுகிறது. அம்மா வைத்த மரம், நீ சொல்லாமல் கத்தி வைக்கமாட்டேன். இரண்டு கிளை போதும். வெட்டுவதென்றாலும் இந்த முறைக் காய் முடியட்டும்.

உன்
மச்சான்